சல்லிக்கல்லில் ஒரு நந்தவனம்

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் தெருவுக்கு வாருங்கள். டென்வர் நகரத்துக்கு மேற்கே, ராக்கி மலைகள் எழும்பத் தொடங்கும் அடிவாரத்தில் இருக்கிறது வீடு. வாசலில் புல்வெளி கிடையாது. பொடிச்சல்லி பரப்பிய ஒரு சரிவு இருக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சரிவு முழுக்க ராக்கி மவுண்டன் பென்ஸ்டெமன் பூத்துக் கிடக்கிறது. நீலமா ஊதாவா என்று கண்ணால் தீர்மானிக்க முடியாத நிறம். குட்டிக் குட்டி நாதஸ்வரங்களை ஒரு தண்டில் அடுக்கி வைத்தது போன்ற பூக்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தேனீயின் பின்பாதி. இவற்றுக்கு இந்த வருஷம் நான் ஒரு செம்பு தண்ணீர்கூட ஊற்றவில்லை. உரம் போடவில்லை. மருந்து அடிக்கவில்லை. மார்ச்சிலும் ஏப்ரலிலும் விழுந்த ஈரப்பனி உருகி மண்ணுக்குள் இறங்கியதே போதுமென்று பூத்திருக்கின்றன.

இத்தனை வருஷமாக நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான்: உலகத்தில் தோட்டம் போட இதைவிட நல்ல இடம் கிடையாது. வறண்ட மலை, களிமண், வெயில், குளிர், காற்று என்று இந்த ஊரைப் பற்றிக் குறையாகச் சொல்லப்படும் அத்தனையும் இங்கே செடிகளுக்குச் சீதனமாக வந்தவை.

மலை என்றதும் தமிழ் மனசுக்குக் கொடைக்கானல்தான் வரும். மூடுபனி, பாசி, சாரல். டென்வர் 5,280 அடி உயரத்தில், அதாவது ஏறக்குறைய 1,600 மீட்டரில் இருக்கிறது. ஏற்காட்டைவிடச் சற்று மேலே, குன்னூரைவிடச் சற்றுக் கீழே. சரியாக ஒரு மைல் உயரம் என்று மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தின் படிக்கட்டில் பொறித்தே வைத்திருக்கிறார்கள். ஆனால் சாரலுக்கு இங்கே வேலையே இல்லை. பசிபிக் கடலிலிருந்து கிளம்பி வரும் ஈரக்காற்று மேற்கே உள்ள மலைகளில் ஏறும்போதே சுமையை இறக்கிவிடுகிறது. இந்தப் பக்கம் இறங்கும்போது அது வெறுங்காற்று. ஆண்டு முழுக்க விழும் மழையையும், பனி உருகிக் கிடைக்கும் நீரையும் கூட்டினால் சுமார் 370 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் கால் பங்கு. கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் பிறந்து வளர்ந்தவள் நான். மலைக்கு அந்தப் பக்கம் கொட்டும் மழையை இந்தப் பக்கம் நின்று அண்ணாந்து பார்ப்பது எனக்குப் பழகின விஷயம்.

இந்த ஊர் எனக்குச் சட்டென்று பிடித்துப்போனதற்குத் தண்ணீர் வரும் வழியும் ஒரு காரணம். டென்வரின் குழாய்த் தண்ணீரில் பாதியளவு மலைக்கு மேற்குப் புறத்திலிருந்து வருகிறது. கண்டப் பிரிகோடு என்று சொல்லப்படும் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்து, பசிபிக்கை நோக்கி ஓட வேண்டிய தண்ணீர். அதை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். டில்லன் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் ராபர்ட்ஸ் சுரங்கம் 23 மைல் நீளம், 1962-இல் முடிந்தது. முல்லைப் பெரியாறு அணையும் 1895-இல் இதே வேலையைத்தானே செய்தது! மேற்கே போகவிருந்த ஆற்றைச் சுரங்கம் வழியே கிழக்கே திருப்பி எங்கள் பள்ளத்தாக்கை நெல்லும் திராட்சையுமாக மாற்றியது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிற ஊரிலிருந்து வந்தவளுக்கு, இங்கே குழாயைத் திறக்கும்போதெல்லாம் மலையைக் கடந்து வந்த தண்ணீர் இது என்ற நினைப்பு தானாக வந்துவிடுகிறது. அதை விழுந்து விழுந்து நனைக்க வேண்டிய புல்லுக்கு விட மனசு வருமா?

இந்த நகரமும் அதைத்தான் யோசித்தது. 1981-இல் டென்வர் வாட்டர் நிறுவனம் 'ஜீரிஸ்கேப்' என்ற பெயரை உண்டாக்கி, குறைந்த நீரில் அழகான தோட்டம் போடுவதை ஒரு இயக்கமாகவே நடத்தியது. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் சொல் அது, இங்கே பிறந்தது. அதைக் கேட்டதும் கள்ளியும் கூழாங்கல்லும் மட்டும் கிடக்கும் பொட்டல் என்று நினைப்பவர்களை நான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் இடம் யார்க் தெருவில் இருக்கும் டென்வர் தாவரவியல் பூங்கா. அங்கே உள்ள ராக் ஆல்பைன் தோட்டம் 1980-இல் தொடங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் பனயோட்டி கெலாய்டிஸ். உலகத்தின் வறண்ட மலைகள் எங்கெங்கே இருக்கின்றனவோ அங்கிருந்தெல்லாம் செடிகள் கொலராடோவுக்கு வந்து சேர அந்த மனிதர் பட்ட பாட்டுக்கு இந்த ஊர்த் தோட்டக்காரர்கள் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். தென் ஆப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பர்க் மலையிலிருந்தும் லெசோத்தோ மேட்டுநிலத்திலிருந்தும் வந்த ஐஸ் பிளான்ட் வகைகளை இங்கே வீட்டுக்கு வீடு பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு. தரையோடு தரையாகப் படரும் சதைப்பற்றுள்ள இலை, அதன் மேல் வெயில் ஏற ஏற விரியும் மஜந்தா, மஞ்சள், ஆரஞ்சுப் பூக்கள். உச்சி வெயிலில் பார்க்கக் கண் கூசும். அந்தக் கூச்சத்துக்காகவே மத்தியானம் போய்ப் பார்க்கிறேன்.

அந்தப் பூங்காவும் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகமும் நாற்றுப்பண்ணைக்காரர்களும் சேர்ந்து 'பிளான்ட் செலக்ட்' என்று ஒரு திட்டம் நடத்துகிறார்கள். இந்த மண்ணிலும் இந்தக் காற்றிலும் வைத்துப் பார்த்து, தாங்கும் என்று தெரிந்த செடிகளுக்கு மட்டும் அந்தப் பெயர்ச்சீட்டு கிடைக்கும். புதிதாக வீடு வாங்கி வருகிறவர்களுக்கு நான் தரும் ஒரே யோசனை: முதல் வருஷம் அந்தச் சீட்டு இல்லாத செடியைத் தொடாதீர்கள். முதல் வருஷம் தண்ணீரையும் ஒழுங்காக விடுங்கள். வறட்சி தாங்கும் செடிக்கும் வேர் பிடிக்கிற வரைக்கும் தண்ணீர் வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் மண் களிமண். ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். சுண்ணாம்பு நிறைந்தது, காரத்தன்மை கொண்டது, பி.எச். அளவு 7-க்கு மேல், பல இடங்களில் 8 வரைக்கும் போகும். இந்த மண்ணில் இரும்பு இருக்கிறது, ஆனால் காரத்தன்மை அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. மேப்பிள் மரங்களின் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். உடனே மூட்டை மூட்டையாக எதையாவது கொட்டி மண்ணை மாற்றப் பார்ப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. காய்கறிப் பாத்திக்கு மட்டும் மட்கு உரம் போடுகிறேன், மற்ற இடத்தில் மண் இருக்கிறபடியே இருக்கட்டும். லாவெண்டர், தைம், சேஜ், தாடி ஐரிஸ், லைலாக், திராட்சை எல்லாம் இந்தச் சுண்ணாம்பு மண்ணைக் கண்டால் குதூகலிக்கின்றன. மே மாதம் லைலாக் பூக்கும்போது இந்த ஊரில் கார் கண்ணாடியை இறக்காமல் யாரும் வண்டி ஓட்டக் கூடாது. அவ்வளவு வாசனை! இரவுக்குளிரிலும் உலர்ந்த காற்றிலும் அந்தக் கொத்துகள் சீக்கிரம் வாடுவதும் இல்லை.

பென்ஸ்டெமனுக்கோ உரமே ஆகாது. நல்ல மண்ணில் வைத்துத் தண்ணீர் காட்டினால் மளமளவென்று வளர்ந்து, தலை சாய்ந்து, இரண்டாம் வருஷம் அழுகிப் போகும். சத்துக் குறைந்த மண், மேலே இரண்டு மூன்று அங்குலச் சல்லி, அடிக்கிற வெயில். அதுதான் அதற்கு விருந்து. இங்கே கல் விற்கும் கடையில் 'ஸ்க்வீஜி' என்று கேட்டால் மிளகைவிடச் சற்றுப் பெரிய சல்லியை அளந்து தருவார்கள். மரத்தூள் மூடாக்கு போட்டால் ஈரம் செடியின் கழுத்தைச் சுற்றித் தங்கும். சல்லி அப்படி இல்லை. கழுத்தைக் காயவிட்டு அடியில் மட்டும் ஈரத்தைக் காக்கும். உதிர்ந்த விதைகளும் அந்தச் சல்லி இடுக்கில்தான் சொகுசாக முளைக்கின்றன. பென்ஸ்டெமன் விதைக்குள் ஒரு காவல் இருக்கிறது. வாரக்கணக்கில் குளிரும் ஈரமும் பட்டால்தான் அது திறக்கும். அதனால் டிசம்பரில் பால் கேனை நடுவில் வெட்டி, ஓட்டை போட்டு, மண் நிரப்பி, விதையைத் தூவி, மறுபடி ஒட்டி வெளியே பனியில் வைத்துவிடுகிறேன். ஏப்ரலில் கேனுக்குள் பச்சை தெரியும். அந்தப் பச்சையைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

குளிர்காலத்தில் தண்ணீர் விடுவது இந்த ஊர்ப் பாடங்களில் எனக்கு மிகவும் பிடித்தது. வேறெங்கே இப்படி ஒன்றைச் செய்வார்கள்! ஒரு ஜனவரி மத்தியானம் வீடியோ அழைப்பில் அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஏண்டி, பனி கொட்டுச்சுன்னு போட்டோ அனுப்புன. இப்ப ஹோஸப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற?"

"கொட்டுன பனியெல்லாம் காத்துலயே போயிருச்சும்மா. கீழ மண்ணு காஞ்சு கெடக்கு."

"பனி காத்துல போகுமா? என்னத்தையாவது சொல்லு."

போகும். மலையிலிருந்து சினூக் என்கிற வெப்பக்காற்று இறங்கும். சில மணி நேரத்தில் வெப்பநிலை எங்கேயோ போய்விடும். பனி உருகி மண்ணுக்குள் இறங்கக்கூடக் காத்திருக்காமல் நேரே ஆவியாகக் கிளம்பிவிடும். அந்தக் காற்றில் பைன் மரத்து ஊசியிலைகள் நீரை இழந்துகொண்டே இருக்கின்றன, உறைந்தும் காய்ந்தும் கிடக்கும் மண்ணிலிருந்து வேரால் ஈடுகட்ட முடிவதில்லை. ஆகவே அக்டோபர் முதல் மார்ச் வரை, மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, தரையில் பனி இல்லாமல் வெப்பம் 4 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளாகப் பார்த்து, நடுப்பகலில் தண்ணீர் விட வேண்டும். இரவு உறைவதற்குள் அது உள்ளே இறங்கிவிட வேண்டும். மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை கொடுக்கும் கணக்கு சுலபமானது: அடிமரத்தின் விட்டத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 10 காலன், நம் கணக்கில் 38 லிட்டர். அடிமரத்தை ஒட்டி ஊற்றாமல் கிளைகள் விரிந்த அளவுக்கு வெளியே தள்ளி ஊற்ற வேண்டும், உறிஞ்சும் வேர்கள் அங்கேதான் இருக்கின்றன. முகத்தில் வெயில், காலடியில் குளிர், கையில் ஹோஸ், தூரத்தில் பனி மூடிய சிகரங்கள். ஜனவரியில் தோட்டவேலை செய்யக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்!

இளமரங்களுக்கு இன்னொரு உபசாரமும் உண்டு. நவம்பர் கடைசியில் அடிமரத்தைச் சுற்றி வெள்ளைத் தாள் நாடாவைச் சுற்றிவிட்டு ஏப்ரலில் எடுத்துவிட வேண்டும். குளிர்காலத்துப் பகல் வெயில் தென்மேற்குப் பக்கத்துப் பட்டையைச் சூடேற்றி அதற்குள் உயிரோட்டத்தை எழுப்பிவிடும். இருட்டியதும் கடுங்குளிர் வந்து அதை வெடிக்க வைக்கும். அந்த நாடா அவ்வளவையும் தடுத்துவிடுகிறது.

பிப்ரவரி கடைசியில், தெற்குச் சுவரோரம், குங்குமப்பூ இனத்துக் குரோக்கஸ் தலை நீட்டும். அதன் பின்னாலேயே காட்டுத் துலிப்கள். கடைகளில் கொத்தாக விற்கும் உயரமான துலிப் இல்லை இவை; பெரும்பாலானவை ஒரு சாண் உயரம்கூட இருக்காது. துலிப் என்றால் ஹாலந்து என்று எல்லாரும் சொல்கிறோம், ஆனால் துலிப்பின் தாய்வீடு மத்திய ஆசியாவின் மலைகள். தியான் ஷான் பக்கம். கடுங்குளிர், பனியுருகும் வசந்தம், அதன்பின் வறண்ட கோடை. எங்கள் ஊர் அப்படியே அதுதான்! கோடையில் மழை கொட்டும் நாடுகளில் துலிப் கிழங்கைத் தோண்டி எடுத்து உலர வைக்கிறார்கள், இல்லையென்றால் வருஷா வருஷம் புதிதாக வாங்கி நடுகிறார்கள். இங்கே அது தானாகவே உலர்ந்து கிடந்து, தூங்கி, பெருகி, அடுத்த வருஷம் இரட்டிப்பாக வருகிறது. வெள்ளை விளிம்பிட்ட மஞ்சள் நட்சத்திரமாக விரியும் துலிபா டார்டா, மேற்கு இமயம் வரை பரவியிருக்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட துலிபா குளூசியானா, ரத்தச் சிவப்பாகக் கல்லிடுக்கில் எரியும் துலிபா லினிஃபோலியா. காலையில் பனி மூடிக் கிடக்கும், மத்தியானம் உருகும், இந்தப் பூக்கள் ஒன்றுமே நடக்காதது போல இதழ் விரிக்கும். சுவர் முழுக்க எழுதி வைக்கலாம் என்று தோன்றும் அளவுக்கு எனக்கு இந்தக் குட்டிப் பூக்களின் மேல் பித்து.

மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் நாள், பட்டாணி விதைக்கும் நாள் என்பது இந்த ஊர் வழக்கம். அதோடு பாலக்கையும், ஏப்ரலில் வெந்தயத்தையும் கொத்தமல்லியையும் தூவிவிடுவேன். குளிர்ந்த இரவில் வளர்ந்த கொத்தமல்லியை ஒரு தரம் கிள்ளிப் பாருங்கள், விரலில் நாளெல்லாம் மணக்கும். ஜூன் வெயில் வந்துவிட்டால் அது பூவுக்குப் போய்விடும், அப்போது அந்த இடத்தில் தண்டுக்கீரையைப் போட்டால் கோடை முழுக்கக் கொடுக்கும்.

தக்காளி நடுவதற்கு அன்னையர் தினம் கழியட்டும் என்பார்கள், மே மாதத்து இரண்டாவது ஞாயிறு. அதற்குப் பிறகும் உறைபனி எட்டிப் பார்ப்பதுண்டு. இங்குள்ளவர்கள் அதற்கு வைத்திருக்கும் தந்திரத்தைப் பார்த்து நான் கைதட்டினேன். 'வால் ஓ வாட்டர்' என்று ஒரு பிளாஸ்டிக் கூடாரம். வரிசையாகக் குழாய் குழாயாக இருக்கும், அவற்றில் தண்ணீர் நிரப்பி நாற்றைச் சுற்றி நிறுத்த வேண்டும். பகல் வெயிலை அந்தத் தண்ணீர் சேமித்து இரவில் திருப்பிக் கொடுக்கும். கடுங்குளிர் இறங்கி தண்ணீரே உறையத் தொடங்கினாலும் கவலை இல்லை. உறையும் ஒவ்வொரு கிராம் தண்ணீரும் 80 கலோரி வெப்பத்தை வெளியே விடுகிறது, உள்ளே நாற்று அந்தச் சூட்டில் பிழைத்துக்கொள்ளும். பனியால் சூழப்பட்ட கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தால் தக்காளி நாற்று ஒரு கவலையும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கும். அடடா!

ஆலங்கட்டி மழை இந்தப் பகுதிக்குச் சொந்தக்காரன். 2017 மே 8-ஆம் தேதி டென்வரின் மேற்குப் புறநகரில் பெய்தது மாநில வரலாற்றிலேயே அதிக நஷ்டம் உண்டாக்கியது என்கிறார்கள். மே, ஜூனில் காய்கறிப் பாத்திக்கு மேல் வளைவுகள் நட்டு வலை கட்டிவிடுகிறேன். ஆனால் கவனித்துப் பாருங்கள், இந்த மாதிரி வறண்ட மண்ணில் பிறந்த செடிகள் பலவற்றின் இலை ஒடுக்கமாகவோ நூலாகவோ இருக்கும். ஆலங்கட்டி அவற்றின் ஊடே விழுந்து போகிறது. அகல இலை கந்தலாகும் அதே நேரத்தில் பைன் இலை பென்ஸ்டெமனும் புளூ கிராமா புல்லும் தலையை உதறிக்கொண்டு நிமிர்கின்றன. புளூ கிராமா இந்த மாநிலத்தின் மாநிலப் புல். அதில் 'பிளாண்ட் ஆம்பிஷன்' என்று ஒரு வகை, சாண்டா ஃபேயின் டேவிட் சால்மன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. தண்டின் நுனியில் படுக்கைவாக்கில் நிற்கும் கதிர்கள், சாயங்கால வெயில் பின்னாலிருந்து பட்டால் தோட்டம் முழுக்கப் பொன் புருவங்கள் மிதக்கும்.

ஜூலை பிறந்தால் பிற்பகல்களில் இடிமழை எட்டிப் பார்க்கும். அரைமணி நேரம் கொட்டிவிட்டு வானம் மறுபடி நீலமாகிவிடும். அந்த மழையைப் பிடித்து வைக்கக்கூட ஒரு காலத்தில் இங்கே அனுமதி கிடையாது. கூரையில் விழும் தண்ணீரும் கீழே ஆற்றில் உரிமை வைத்திருப்பவனுக்குச் சொந்தம் என்பது இந்த மாநிலத்தின் பழைய நீர்ச்சட்டம். 2016-இல்தான் ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், மொத்தம் 110 காலன் வரை என்று சட்டம் இயற்றித் தந்தார்கள். 2003-இல் கட்டடத்துக்குக் கட்டடம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கிய தமிழ்நாட்டிலிருந்து வந்தவளுக்கு இது அதிசயமாக இருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு பீப்பாயும் நிரம்பி வழியும்போது வரும் மகிழ்ச்சிக்கு எந்த ஊரானாலும் ஒரே அளவுதான்.

அதே ஜூலையில்தான் அகஸ்டேக்கி பூக்கத் தொடங்கும். சன்செட் ஹிஸப் என்ற வகையின் ஆரஞ்சும் ரோஜாநிறமும் கலந்த பூக்கதிர், சாம்பல் பூத்த மெல்லிய இலை, தொட்டால் சோம்பும் புதினாவும் கலந்த வாசம். அதைத் தேடி ஹம்மிங்பேர்டுகள் வந்துவிடும். ஆண் அகலவால் ஹம்மிங்பேர்டின் சிறகு ஒரு மணியோசை எழுப்பும். பறவையைப் பார்ப்பதற்கு முன் ஓசை வந்துவிடும். வடக்கே அலாஸ்கா வரைக்கும் போய்க் கூடு கட்டிவிட்டு மெக்சிகோவுக்குத் திரும்பும் செம்பழுப்பு ரூஃபஸ் இனமும் இந்த வழியில்தான் இறங்கும். இவ்வளவு தூரம் பறக்கும் உயிர் என் வாசலில் நின்று தேன் குடித்துவிட்டுப் போகிறது! ஜன்னலோரத்தில் சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு ஆறவிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், வீட்டில் எல்லாரும் அப்படித்தான். காலையில் ஏழெட்டு மணிக்கு வந்தால் சாக்லேட் பூ என்ற மஞ்சள் செடியிடம் உங்களை அழைத்துப் போவேன். குனிந்து முகர்ந்தால் அசல் கொக்கோ வாசனை. வெயில் ஏறினால் போய்விடும், அதனால் சீக்கிரம் வாருங்கள்.

செப்டம்பர் மிளகாயின் மாதம். தெற்கே புவெப்லோவில் விளையும் தடித்த மிளகாயைச் சாலையோரங்களில் கம்பி உருளையில் போட்டு, கீழே தீ ஜ்வாலை சீற, சுற்றிச் சுற்றிச் சுடுவார்கள். அந்தப் புகை மூக்கில் பட்டதும் நம் வீட்டு அடுப்படிதான் நினைவுக்கு வரும். இந்த மலைக்காற்று நமக்காகவே செய்தது என்று நான் நம்பத் தொடங்கியதும் ஒரு செப்டம்பரில்தான். மோரில் ஊறிய மிளகாயையும் கொத்தவரங்காயையும் சுண்டைக்காயையும் மாடியில் பரப்பினால், பிற்பகலில் ஈரப்பதம் மிகக் குறைவாக இருக்கும் இந்தக் காற்று ஈரத்தை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. வத்தல் பூஞ்சை பிடிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. எண்ணெயில் போட்டால் ஒன்றுபோலப் பொரிகிறது. அம்மா இங்கே வந்திருந்தபோது நாள் தவறாமல் எதையாவது காயப் போட்டுக்கொண்டே இருந்தாள். "இந்த வெயில வீணடிக்கலாமாடி?" என்பாள்.

அதே உலர்காற்றுதான் தக்காளியில் பூஞ்சை நோய்களைக் குறைத்து வைக்கிறது. சுடும் பகல், குளிரும் இரவு. இரண்டுக்கும் நடுவே பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. மலைக்கு மேற்கே பாலிசேடில் விளையும் பீச் பழம் ஆகஸ்ட்டில் வண்டி வண்டியாக வரும். ஒரு கடியில் முழங்கை வரை சாறு வழியும்.

இரவு வெப்பம் 10 டிகிரிக்கு இறங்கத் தொடங்கியதும் கறிவேப்பிலையும் மல்லிகையும் சக்கரம் வைத்த தொட்டிகளில் உருண்டு தெற்கு ஜன்னலுக்கு வந்துவிடும். டென்வர் தமிழ் வீடுகளில் அந்த ஜன்னல் கறிவேப்பிலைக்கென்றே ஒதுக்கப்பட்டது. வாரம் ஒருமுறை குளியலறைக்குத் தூக்கிப் போய் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவிவிடுங்கள், வறண்ட அறைக்காற்றில் வரும் சிலந்திப்பேன் அண்டாது. குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள், உரத்தை நிறுத்துங்கள். மே கடைசியில் வெளியே போகும்போது நேரே வெயிலில் வைக்காமல் ஒரு வாரம் நிழலில் பழக்குங்கள். இந்த உயரத்துப் புற ஊதாக் கதிர் இலையை வெளுத்துவிடும்.

அக்டோபர் நடுவில் பூண்டு. இதை மட்டும் இந்த ஊரில் நடாமல் விடாதீர்கள். ஹார்ட்நெக் என்னும் கடினத்தண்டு வகைக்கு இந்தக் குளிர்காலம் அவசியம். கடையில் விற்கும் பூண்டு வேண்டாம், விதைப்பூண்டாகக் கேட்டு வாங்குங்கள். இருப்பதில் பெரிய பல்லாகப் பொறுக்கி, கூர் மேலே இருக்க, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில், ஆறு அங்குல இடைவெளியில் ஊன்றி, மேலே வைக்கோல் போர்த்திவிடுங்கள். பனியின் அடியில் வேர்விட்டுக்கொண்டு கிடக்கும். ஜூனில் சுருண்டு வரும் பூந்தண்டைக் கிள்ளி, தேங்காய் போட்டுப் பொரியல் செய்யுங்கள். ஜூலையில் அடியிலைகள் பழுத்ததும் பிடுங்கி, நிழலில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிட்டால் போதும். தோல் ஊதாக்கோடு போட்டிருக்கும், பல் ஒவ்வொன்றும் கட்டை விரல் தடிமன் இருக்கும், உரிப்பதும் சுலபம். கம்பத்துக்கு ஒரு மூட்டை போனது. ஊறுகாய் போட்டுத் தீர்ந்துவிட்டது, அடுத்த வருஷத்துக்குப் பாத்தியைப் பெரிதாக்கு என்று உத்தரவு வந்திருக்கிறது. பெரிதாக்கியாயிற்று.